பச்சைத் தறி, சிவந்த எச்சில்

என் வயதுக்காரர்களுக்குச் சொல்கிறேன். உங்களில் பாதிப் பேர் பையில் இது இருக்கும். என் பையிலும் இருக்கிறது. உள்ளங்கைக்குள் அடங்குகிற பிளாஸ்டிக் குழாய், அதன் தலையில் செருகிய சின்ன டப்பா. அந்த ஒரே டப்பாவுக்குள் இரண்டு மருந்து என்கிறார்கள். ஒன்று மூச்சுக்குழாயைத் திறந்துவிடுமாம், மற்றது உள்ளே இருக்கிற வீக்கத்தை நாளாவட்டத்தில் வற்றவைக்குமாம். காலையில் இரண்டு தடவை, சாயங்காலம் இரண்டு தடவை. நன்றாக இருக்கிற நாளிலும் விடக் கூடாது. இழுத்து முடித்ததும் வாயைக் கொப்பளித்துத் துப்ப வேண்டும்.

துப்பும்போது என்ன நிறம் என்று பார்க்கிறேன். பார்க்கத் தேவையே இல்லை, தண்ணீர் தண்ணீராகத்தான் இருக்கும். ஆனாலும் குனிந்து பார்க்கிறேன். பன்னிரண்டு வயதில் பிடித்த பழக்கம். சேலத்தில் நூல் மில்லில் இருந்தபோதும், பெங்களூரில் மாணவர் விடுதியில் சமைத்தபோதும், திருத்தல யாத்திரை பஸ்ஸில் அண்டா குண்டானோடு ஊர் ஊராகப் போனபோதும் இந்தப் பழக்கம் என்னோடு வந்தது. வேறெதுவும் அவ்வளவு காலம் என்னோடு வரவில்லை.

நான் படித்தது ஏழாம் வகுப்பு, அதுவும் பாதி. மீதியைப் பஸ் போர்டிலும் பொட்டலம் மடித்த காகிதத்திலும் படித்துக்கொண்டேன். ஏழாம் வகுப்பு ஏன் பாதியில் நின்றது என்பதைத்தான் எழுதப் போகிறேன். யாரையும் திட்டுவதற்காக இல்லை. திட்டுவதற்கு இப்போது யாரும் மிச்சம் இல்லை, அதுதான் எரிச்சல்.

அறுபதுகளின் கடைசியில் ஒரு மழைக்காலம். காஞ்சிபுரத்தில் பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீடு. வீடு என்றால் முன்பக்கம் ஒரு கூடம், கூடத்தில் ஒரு குழித்தறி, தறி போக மிஞ்சிய இடத்தில் நாங்கள் மூன்று பேர். அப்பா குழிக்குள் காலை விட்டு உட்கார்ந்து நெய்வார். அம்மா பின்கட்டில், புடவையின் குறுக்கே ஓடுகிற ஊடை நூலை ராட்டையில் சுற்றுவாள். கரையும் உடலும் வேறு வேறு நிறமாக வருகிற புடவைக்கு மூன்று நாடா வேண்டும். வலது பக்கத்துக் கரை நாடாவைத் தள்ள இன்னொரு ஆள் தேவை. அந்த இன்னொரு ஆள் நான். காலையில் பள்ளிக்குப் போகுமுன் இரண்டு மணி நேரம், சாயங்காலம் வந்ததும் விளக்கு வைக்கும் வரை.

நாடாவைப் பார்க்காதவர்களுக்கு ஒரு வார்த்தை. சின்னப் படகு மாதிரி இருக்கும். வயிற்றில் நூல் சுற்றிய குச்சி, விலாவில் ஒரு துளை. குச்சியில் நூல் தீர்ந்து புதுக் குச்சி போட்டதும், நூலின் நுனியை அந்தத் துளை வழியாக வெளியே கொண்டுவர வேண்டும். ஊசி வைத்துக் கோத்துக்கொண்டிருந்தால் பொழுது போய்விடும். துளையில் உதட்டை வைத்து ஓர் உறிஞ்சு உறிஞ்சினால் நூல் தானாக நாக்குக்கு வந்துவிடும். எங்கள் தெருவில் எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள். முகூர்த்தத்தில் மணப்பெண் கட்டுகிற கூறைப்புடவை முழுவதும் நெசவாளி வீட்டு எச்சில்தான். அதை யாரும் வெளியில் சொல்வதில்லை.

அந்த உறிஞ்சுதலில் ஒரு சூட்சுமம் உண்டு. அம்மா எனக்கு ஐந்து வயதில் கற்றுக்கொடுத்தாள். "கன்னத்தாலதான் இழுக்கணும்டி, நெஞ்சால இழுக்கக் கூடாது. தொண்டைய மூடிக்கோ. இல்லாகாட்டி பஞ்சும் சாயமும் உள்ள போயி இருமிகினே கிடப்ப." நான் சமர்த்து. ஒரே வாரத்தில் வந்துவிட்டது. கன்னம் இரண்டும் உள்ளே ஒட்டும், அடிநாக்கு மேலே எழும்பித் தொண்டையை அடைக்கும், நூல் நுனிநாக்கில் வந்து நிற்கும். மூச்சு ஒரு சொட்டும் உள்ளே போகாது. தறியில் மாம்பழ மஞ்சள் ஏறியிருந்தால் என் நாக்கும் மஞ்சள். அரக்கு ஏறியிருந்தால் அரக்கு. பள்ளிக்கூடத்தில் பெரிய டீச்சர் ஒரு தடவை என்னை எழுப்பி, "தினம் ஒரு கலர்ல மிட்டாய் வாங்கித் தின்ன எங்கிருந்து காசு?" என்று கேட்டார். தறியில் என்ன நிற ஊடை என்று நாக்கைப் பார்த்தே சொல்லலாம் என்பது அவருக்குத் தெரியாது. அவர் வெளியூர்.

இளைப்பு எனக்கு எட்டு வயதிலிருந்து. மழை பிடித்தால் வரும். ஐப்பசியில் தறிக்குழியில் ஊற்று எடுக்கும். அம்மா சொம்பால் மொண்டு மொண்டு வெளியே ஊற்றுவாள். பட்டில் ஈரம் ஏறினால் இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் என்று அப்பா தறிக்குக் கீழே கரிச்சட்டி வைப்பார். குழியின் ஈர வாடை, கரிப்புகை, அம்மாவின் ராட்டையிலிருந்து கிளம்புகிற பட்டுத்தூசி, மூன்றும் கூடத்தில் சுழன்றுகொண்டே இருக்கும். விடிகாலையில் என் நெஞ்சுக்குள் பூனைக்குட்டி கத்தும். தோள் இரண்டும் காதைத் தொடும். தூணைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். படுத்தால் செத்துவிடுவேன் என்று தோன்றும்.

எதிர்வீட்டு அத்தை தெலுங்கு பேசுகிற நெசவாளி வீட்டுப் பெண். சொந்த அத்தை இல்லை, தெருவில் எல்லோருக்கும் அத்தை. அவள் ஊமத்தை இலையைக் காயவைத்துச் சுருட்டிக்கொண்டு வருவாள். "ஏமே, இதக் கொளுத்தி மூக்குல வாங்கு. எங்க மாமா இதனாலதான் எழுபது வரைக்கும் இருந்தார்." சமயத்தில் அது கேட்கும். கேட்டாலும் தலை சுற்றி அன்று முழுவதும் எழுத்துக்கள் இரண்டிரண்டாகத் தெரியும். கேட்காத நாளில் டாக்டரிடம் ஊசி. ஊசி போட்டதும் மூச்சு வரும், கூடவே கை நடுங்கும், நெஞ்சு குதிக்கும். ஆக, ஊமத்தை நாளிலும் பள்ளிக்கூடம் இல்லை, ஊசி நாளிலும் பள்ளிக்கூடம் இல்லை.

அந்த வருடம் புரட்டாசிக்குள்ளேயே இருபது நாள் போகவில்லை. பெரிய டீச்சர் அம்மாவைக் கூப்பிட்டு அனுப்பினார். "உங்க பொண்ணு கணக்குல முதல்ல வரா. ஆனா வந்தாத்தானேம்மா வர முடியும்? இப்படியே போனா பேரை எடுத்துடுவாங்க. வைத்தியம் பாருங்க."

அம்மா வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னாள். அப்பா தறியை நிறுத்தாமல் கேட்டார். அவர் கெட்டவர் இல்லை. வலது கரைக்கு ஆள் இல்லாவிட்டால் புடவை நிற்கும். புடவை நின்றால் அடுப்பு நிற்கும்.

"வீட்ல உக்காந்தா இளைக்கறது இல்ல. பள்ளிக்கூடம்னா இளைக்குது. இன்னா பண்ணச் சொல்ற?"

"வீட்ல உக்காந்தாலும்தான் இளைக்குது. நீ தறியப் பாத்துகினு இருக்க, அவளப் பாக்கல."

"சரி. பொங்கலுக்குள்ள சரியாயிட்சின்னா போகட்டும். எட்டாவது கூடப் படிக்கட்டும், நான் வேற ஆள் வெச்சிக்கறேன். சரியாகலன்னா நின்னுக்கட்டும். உக்காந்துகினே செய்யற வேலைதானே இது."

அதுதான் ஒப்பந்தம். பொங்கலுக்குள் என் மூச்சு சரியாக வேண்டும். எனக்கு எட்டாம் வகுப்பு வேண்டும் என்பதைவிட, அந்தக் கூடத்தைவிட்டு ஒரு நாளில் ஆறு மணி நேரம் வெளியே இருக்க வேண்டும். அதைச் சொன்னால் புரிந்துகொள்ள யாரும் இல்லை.

பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு டாக்டர் இருந்தார். வாரத்தில் இரண்டு நாள் மதராஸிலிருந்து வருவார். ஐப்பசி மழையில் அம்மா என்னை முதுகில் பாதியும் நடையில் பாதியுமாகக் கூட்டிப் போனாள். அவர் என் முதுகில் ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்டார். "ஊசி போட்டுகிட்டே இருக்க முடியாதும்மா. ஸ்ப்ரே எழுதித் தரேன். மருந்து நேரா நெஞ்சுக்குள்ள போகும்," என்றார். நேராக நெஞ்சுக்குள். எவ்வளவு சுலபமாகச் சொன்னார்!

அம்மா அதற்குக் காசு எப்படிப் புரட்டினாள் என்று எனக்குத் தெரியாது. பத்து நாள் கழித்து அவருடைய கம்பவுண்டர் மதராஸிலிருந்து வந்த அட்டைப்பெட்டியைக் கொடுத்தார். அப்படி ஒரு அழகான பொருளை நான் அதுவரை தொட்டதில்லை. கண்ணாடியில் ஒரு சின்னக் கூஜா, அதற்கு வாத்தின் கழுத்து மாதிரி வளைந்த மூக்கு. பின்னால் செங்கல் நிறத்தில் ரப்பர் பந்து. கூஜாவில் சொட்டு மருந்து ஊற்றி, மூக்கை வாய்க்குள் வைத்து, பந்தை அமுக்கினால் புகை மாதிரி வரும். புகை இல்லை, பனி. மார்கழிக் காலையில் சர்வதீர்த்தக் குளத்தின் மேல் நிற்கிற மாதிரி.

வரிசையில் எங்களுக்குப் பின்னால் இருபது பேர். கம்பவுண்டர் மருந்து ஊற்றாமலே ஜன்னல் வழியாக ஒரு தடவை செய்து காட்டினார். "வாயில வை, அமுக்கு, இழு. அவ்ளோதான். நெக்ஸ்ட்." கூடவே இரண்டு வேளைக்கு ஒரு வெள்ளை மாத்திரை. "ரெண்டையும் சேர்த்து எடுக்கணும், ஒண்ண விட்டா இன்னொண்ணு கேக்காது," என்று சொல்லிவிட்டு அடுத்தவர் சீட்டை வாங்கினார். என்னை இழுத்துக் காட்டச் சொல்லவில்லை. இந்த ஒரு வரியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் அப்பா அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவருக்கு யந்திரங்கள் பிடிக்கும். பந்தை அமுக்கிக் கன்னத்தில் காற்று வாங்கிச் சிரித்தார்.

"எப்படி இழுக்கணுமாம்?"

"வாயில வெச்சி இழுக்கச் சொன்னாரு," என்றாள் அம்மா.

அப்பா தறியிலிருந்த நாடாவை எடுத்து, துளையில் வாய் வைத்து, ஓர் உறிஞ்சு உறிஞ்சி, நுனிநாக்கில் நூலை நீட்டிக் காட்டினார். "இந்த மாதிரிதானே? நெசவாளி வீட்டுப் பொண்ணுக்கு இழுக்கச் சொல்லித் தரணுமாக்கும்! மதராஸ் டாக்டருக்கே நம்ம பாப்பா கிளாஸ் எடுப்பா."

எல்லோரும் சிரித்தோம். அந்த வருடத்தில் அந்தக் கூடத்தில் எல்லோரும் சேர்ந்து சிரித்தது அந்த ஒரு நாள்தான் என்று நினைக்கிறேன்.

நான் கண்ணாடி மூக்கை வாயில் வைத்தேன். அப்பா பந்தை அமுக்கினார். கன்னம் இரண்டும் உள்ளே ஒட்ட, அடிநாக்கு எழும்பித் தொண்டையை அடைக்க, ஏழு வருடப் பழக்கத்தோடு சுத்தமாக உறிஞ்சினேன். கசப்பாக, கொஞ்சம் உப்பாக, வாய் முழுவதும் நிறைந்தது. விழுங்காமல் வைத்திருந்து ஜலதாரையில் துப்பினேன். நெஞ்சில் இருந்த பூனைக்குட்டி அதே இடத்தில் கத்திக்கொண்டிருந்தது.

"பாரு, உடனே கேக்குமா? மெதுவாத்தான் கேக்கும்," என்றார் அப்பா.

கார்த்திகை முழுவதும் இழுத்தேன். காலையில் ஆறு அமுக்கு, சாயங்காலம் ஆறு அமுக்கு. சில நாள் லேசாகக் கேட்ட மாதிரி இருக்கும், சில நாள் இருக்காது. கேட்டது அந்த வெள்ளை மாத்திரையால் என்று இப்போது தெரிகிறது. மாத்திரை வயிற்றுக்குப் போகிறது, அதற்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். வாரத்தில் மூன்று நாள் பள்ளிக்குப் போனேன். அம்மா வாசல் சுவரில் கரியால் கோடு போட்டுவந்தாள். பொங்கலுக்கு இன்னும் எத்தனை நாள், நான் போனது எத்தனை நாள். அப்பா அந்தக் கோடுகளைப் பார்த்தும் பார்க்காத மாதிரி தாண்டிப் போவார்.

மார்கழி பிறந்து இரண்டு மூன்று நாள் இருக்கும். காலையில் ஸ்ப்ரே இழுத்துவிட்டுத் தெருக்குழாயடியில் வந்து துப்பினேன். சிமென்ட் மேடையில் எச்சில் சிவப்பாக விழுந்தது. ரத்தச் சிவப்பு இல்லை, ரோஜாப்பூவைக் கசக்கின மாதிரி. முன்பே இரண்டு மூன்று தடவை பார்த்திருந்தேன். பழைய அரக்கு நூலின் சாயம் என்று நினைத்து விட்டுவிட்டேன். அன்று குடம் வைத்து நின்ற எதிர்வீட்டு அத்தை பார்த்துவிட்டாள்.

"அய்யய்யோ! ஏமே, ரத்தமா துப்பற?" குடத்தை அப்படியே விட்டுவிட்டு என் தாடையைப் பிடித்துத் திருப்பினாள். "வாயத் தொற!"

குழாயடியில் ஏழெட்டுப் பெண்கள். எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். ஒருத்தி தன் பிள்ளையை இழுத்துப் பின்னால் விட்டுக்கொண்டாள். "இருமல், இளைப்பு, இப்ப ரத்தம்," என்று விரல் மடக்கினாள் அத்தை. அந்த வியாதியின் பேரைச் சொல்லவில்லை. சொல்லாமலே எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

வீட்டுக்குள் சண்டை.

"நூல் சாயம்டி அது. என் எச்சில் கூடத்தான் கலரா இருக்குது," என்றார் அப்பா.

அம்மா அவரைத் தறியின் முன்னால் கையைப் பிடித்து இழுத்து நிறுத்தினாள். "இதுல இன்னா ஏறியிருக்குது? சொல்லு. கிளிப்பச்சை. கரை இன்னா? அதே கிளிப்பச்சைக்கு அடுத்த பச்சை. நாலு வாரமா இந்த வீட்ல பச்சையத் தவிர வேற நூல் இல்ல. நீ துப்பறது பச்சை. நான் துப்பறது பச்சை. இவ மட்டும் எப்படிச் சிவப்பாத் துப்பறா?"

அம்மா சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. பச்சை நூல் உறிஞ்சுகிறவள் சிவப்பாகத் துப்ப முடியாது. அவ்வளவு தெளிவாக யோசித்தவள், யோசித்து யோசித்துத் தப்பான இடத்துக்குப் போய் நின்றாள். "அந்தக் கண்ணாடிச் சனியன்தான் நெஞ்சைக் கிழிக்குது. இல்லாகாட்டி அந்த வியாதிதான். ரெண்டுல ஒண்ணு." ஸ்ப்ரேயை அட்டைப்பெட்டியில் வைத்து மூடி டிரங்குப் பெட்டிக்கு அடியில் தள்ளினாள். அன்றோடு நின்றது.

இரண்டு நாளில் செய்தி பள்ளிக்கூடம் போய்ச் சேர்ந்தது. குழாயடிக்கும் பள்ளிக்கூடத்துக்கும் நடுவில் நாலு தெரு. நான் வகுப்பில் உட்கார்ந்ததும் பக்கத்துப் பெண் பலகையின் ஓரத்துக்கு நகர்ந்தாள். பெரிய டீச்சர் என்னை வெளியே கூப்பிட்டார். முன்னே நாக்கைப் பார்த்து மிட்டாய் என்று சொன்னவர், இப்போது இரண்டு கை தூரத்தில் நின்று பேசினார். குரல் கடுமையாக இல்லை.

"உன் மேல தப்பு இல்ல. டாக்டர்கிட்ட எக்ஸ்ரே எடுத்து ஒண்ணும் இல்லன்னு எழுதி வாங்கிட்டு வா. அதுவரைக்கும் வர வேண்டாம். மத்த பிள்ளைங்களும் இருக்காங்க இல்லையா?"

"எழுதிக் கொண்டாந்தா சேத்துப்பீங்களா, டீச்சர்?"

"அன்னைக்கே சேத்துக்கறேன்."

அவ்வளவுதான் வேண்டியது. ஒரு காகிதம். கணக்கு நோட்டைச் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டு ஓடினேன். ஓடக் கூடாது, ஓடினால் இளைக்கும் என்று தெரியும். ஆனாலும் ஓடினேன்.

அப்பா தறியில் இருந்தார். நான் இளைப்போடு இளைப்பாகச் சொன்னதைக் கேட்டார். நாடாவை மடியில் வைத்தார். நான் பார்த்து அவர் பகல் நேரத்தில் நாடாவை மடியில் வைத்தது அதுதான் முதல் தடவை.

"எக்ஸ்ரே எடுக்கற எடத்துல வரிசையில நின்னா தெருவே பாக்கும். அவ்ளோதான், ஆமாம்னு முடிவே பண்ணிடுவாங்க. இது கூறைப்புடவை. பாவு நூல் குடுத்த முதலாளிக்குத் தெரிஞ்சா நாளைக்கே அறுத்து எடுத்துகினு போயிடுவார். அந்த வியாதி இருக்கற வீட்ல வாய் வெச்ச நூல எவன் பொண்ணுக்குக் கட்டுவான்?"

அம்மா அடுப்படியிலிருந்து வந்தாள். "அந்த வியாதின்னு நீயே நெனைக்கற இல்ல? அப்புறம் தறியில மட்டும் எப்படி அவள உக்காத்தி வெக்கற? நூல் மட்டும் எப்படி உறிஞ்சச் சொல்ற?"

அப்பா மடியிலிருந்த நாடாவை எடுத்து என்னிடம் நீட்டினார். நூல் தீர்ந்திருந்தது. நான் வாங்கி, புதுக் குச்சி போட்டு, துளையில் வாய் வைத்து உறிஞ்சினேன். பச்சை நூல் நாக்குக்கு வந்தது.

பொங்கல் வந்தது. வாசல் சுவரில் இருந்த கரிக்கோடுகள் மேல் வெள்ளையடித்தார்கள். எக்ஸ்ரே எடுக்கவில்லை. ரத்தம் துப்புகிறவள் பங்குனி வரை, சித்திரை வரை சாகாமல் இருந்தாள். ஸ்ப்ரேயை நிறுத்தியதும் சிவப்பு நின்றுவிட்டது. தெரு மெல்ல மறந்தது. அம்மா, "பாத்தியா, அந்தக் கண்ணாடிதான் காரணம்," என்றாள். அது அவளுக்கு ஆறுதலாக இருந்தது. பள்ளிக்கூடத்தில் என் பேரை எடுத்துவிட்டார்கள். யாரும் போய்க் கேட்கவில்லை.

ரப்பர் பந்தை அப்பா டிரங்குப் பெட்டியிலிருந்து எடுத்துக்கொண்டார். தறியில் நீளவாக்கில் இழுத்துக் கட்டிய பாவில் படிகிற பட்டுத்தூசியை ஊதித் தள்ள அதைவிட நல்ல சாமான் இல்லை என்றார். எனக்கு மூச்சு கொடுக்க வந்த பந்து தறிக்கு மூச்சு கொடுத்தது. வருடக்கணக்கில் கொடுத்தது. கண்ணாடிக் கூஜா எங்கே போனது என்று தெரியாது. பதினேழு வயதில் நான் வீட்டைவிட்டுக் கிளம்பியபோது பெட்டியில் தேடினேன். அட்டைப்பெட்டி இருந்தது, உள்ளே அம்மாவின் நாட்டு மருந்துப் பொட்டலங்கள் இருந்தன.

அதன் பிறகு ஊர் ஊராக. எந்த ஊருக்குப் போனாலும் ஆஸ்பத்திரி எங்கே என்பதை முதலில் கேட்டுக்கொள்வேன், அப்புறம்தான் தங்க இடம். காலம் மாறி ஸ்ப்ரே போய்க் குழாய் வந்தது. நீலக் குழாய், பழுப்புக் குழாய், அப்புறம் இந்த இரண்டு மருந்துக் குழாய். எல்லா ஊரிலும் எழுதிக் கொடுத்தார்கள். எதுவும் எனக்குக் கேட்கவில்லை. "உனக்கு மட்டும் ஏம்மா கேக்க மாட்டேங்குது?" என்று ஒரு டாக்டர் என்னிடமே கோபித்துக்கொண்டார். நெஞ்சு கெட்டியாகிவிட்டது, இனி பழையபடி விரியாது என்று இன்னொருவர் சொன்னார். சரி, என் நெஞ்சு அப்படி என்று விட்டுவிட்டேன்.

இரண்டு வருடம் முன்னால் திரும்பவும் காஞ்சிபுரத்துக்கே வந்தேன். அப்பா அம்மா போய் வெகுகாலம் ஆகிறது. ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ், என் பேத்தி வயதுதான் இருக்கும். மருந்துச் சீட்டைப் பார்த்தவள், நிமிர்ந்து சொன்னாள்.

"எங்க, இழுத்துக் காட்டுங்கம்மா."

ஐம்பது வருடத்துக்கு மேல் எத்தனை டாக்டர், எத்தனை கம்பவுண்டர்! அந்த வார்த்தையை அதுவரை ஒருவரும் என்னிடம் சொன்னதில்லை. நான் குழாயை வாயில் வைத்து அழுத்தி இழுத்துக் காட்டினேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"இன்னாம்மா, இளநில ஸ்ட்ரா போட்ட மாதிரி கன்னத்த ஒட்ட வெக்கறீங்க? மருந்து வாயிலயே நின்னுடும். தொண்டையத் தொறங்க. மொதல்ல மூச்ச முழுசா வெளிய வுடுங்க. இப்ப அழுத்திகினே மெதுவா, நெஞ்சால இழுங்க. நெஞ்சாலம்மா! அப்படியே பத்து எண்ணுங்க."

மூன்று தடவை வரவில்லை. தொண்டை தானாக மூடிக்கொண்டது. அதற்கு அது ஐந்து வயதில் படித்த பாடம். நாலாவது தடவை சில்லென்று ஒன்று நாக்கைத் தாண்டி, தொண்டையைத் தாண்டி, மார்பெலும்புக்குக் கீழே இறங்கியது. அப்படி ஒரு இடம் எனக்குள் இருப்பதே தெரியாது. பத்து எண்ணினேன். எண்ணி முடிக்கும்போது எனக்குப் புரிந்துவிட்டது. கூடம் தெரிந்தது, அப்பா நுனிநாக்கில் நூலை நீட்டிக்கொண்டு சிரித்தது தெரிந்தது.

அங்கே ஒரு வயதான டாக்டர் உண்டு. அவரிடம் போய்ச் சிவப்பு எச்சிலைப் பற்றிக் கேட்டேன். அவருக்கு ஒரே ஆச்சரியம். "அந்தக் காலத்து மருந்தும்மா அது. எச்சில்ல கலந்தா சிவப்பாத் தெரியும். ரத்தமே இல்ல. வாயிலயே தங்கியிருந்தா இன்னும் நல்லாத் தெரிஞ்சிருக்கும்," என்றார். சுவாரசியமான விஷயம் என்பதுபோலச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்று முழுவதும் யாரோடாவது சண்டை போட வேண்டும் போலிருந்தது. மருந்து சரியான மருந்து. டாக்டர் சரியான டாக்டர். அப்பா ஆசையோடு சொல்லிக்கொடுத்தார். அம்மா அறிவோடு யோசித்தாள். டீச்சர் ஒரு காகிதம்தான் கேட்டார். யாரிடம் போய்ச் சண்டை போடுவது?

இப்போது மாதம் ஒரு முறை மருந்து வாங்கப் போகிறேன். போன மாதம் பெஞ்சில் என் பக்கத்தில் ஒரு பெரியவர். நெஞ்சு பீப்பாய் மாதிரி உப்பி, பேசும்போது பாதியில் மூச்சு வாங்குகிறவர். இதே குழாய் கையில். சலித்துக்கொண்டே வாயில் வைத்து அழுத்தினார். கன்னம் இரண்டும் உள்ளே ஒட்டின.

"எந்தத் தெரு, அண்ணே?" என்றேன்.

"பிள்ளையார்பாளையம். ஏன்?"

"தறியா?"

"நாப்பது வருஷம். மூஞ்சிலியா எழுதியிருக்குது?"

"மூஞ்சிலதான் எழுதியிருக்குது. நாடாவ உறிஞ்சற மாதிரி உறிஞ்சறீங்க. அது தப்பு. நெஞ்சால இழுக்கணும்."

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "தோ பாரு, தறிக்காரனுக்கே நீ இழுக்கக் கத்துக் குடுக்கறியா?"

அப்பாவின் அதே வார்த்தை. அதே அலட்சியம், கொஞ்சம் அதே சிரிப்புகூட. அவர் டோக்கனைக் கூப்பிட்டார்கள். "சரி, உள்ள போயி டாக்டர் முன்னாடி இழுத்துக் காட்டுங்க. அவங்க கேக்கலன்னாலும் காட்டுங்க," என்று அவர் சட்டைக் கையைப் பிடித்துச் சொன்னேன். உதறிவிட்டுப் போனார். அந்த நர்ஸை வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள் என்று அன்றுதான் தெரிந்தது.

இரண்டு நிமிடத்தில் வெளியே வந்தார். கையில் அதே குழாய்க்குப் புதுச் சீட்டு, கூட ஒரு மாத்திரை.

"காட்டினீங்களா?"

"எங்க கேட்டாங்க? 'மருந்து கேக்கலயா, கூட ஒண்ணு எழுதறேன்'னாங்க. அவ்ளோதான்."

எனக்கு மருந்து கையில் வந்துவிட்டது, பஸ்ஸுக்கும் நேரமாகிவிட்டது. பையைக் கீழே வைத்தேன். பெஞ்சில் நகர்ந்து அவருக்கு இடம் விட்டேன்.

"உக்காருங்க அண்ணே. எங்க, எனக்கு இழுத்துக் காட்டுங்க."